ஸ்பின்னிங் ராடில் கைடுகளின் இடைவெளி

தூண்டில் ராடின் தண்டில் நரம்பு ஓடுவதற்காகக் கட்டப்படும் வளையங்கள் கைடு எனப்படும். அவற்றை ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரத்தில் நிறுத்துவது என்பதே கைடு இடைவெளி. கடையில் வாங்கும் ராடில் இதைத் தொழிற்சாலை முடிவு செய்துவிடுகிறது. வெறும் தண்டை வாங்கித் தானே ராடு கட்டுபவர் தன் ரீல், தன் நரம்பு, தான் தேடிப் போகும் மீன் ஆகிய மூன்றையும் வைத்து முடிவு செய்கிறார். காவிரிப் படுகையில் ஸ்பின்னிங் ராடு பெரும்பாலும் விராலுக்காகவும், கடலோரக் கழிமுகங்களில் கொடுவாவுக்காகவும் கையில் எடுக்கப்படுகிறது. இந்த இரண்டு மீன்களும் இடைவெளிக் கணக்கில் வெவ்வேறு விடைகளைக் கேட்கின்றன.

கழியிலிருந்து ராடு

தஞ்சை, திருவாரூர், நாகை வட்டாரங்களின் பழைய தூண்டிலில் கைடே கிடையாது. மூங்கில் கழியின் நுனியில் நரம்பைக் கட்டி, தக்கை, ஈயம், முள், மண்புழு கோத்தால் வேலை முடிந்தது. கழி எவ்வளவு நீளமோ ஏறக்குறைய அவ்வளவே நரம்பு. மதகடியிலும் குளத்துப் படித்துறையிலும் கெண்டை, கெளுத்தி, குரவை, ஜிலேபி பிடிக்க இதற்குமேல் எதுவும் வேண்டியதில்லை. ஆனால் மீன் இழுக்கும் விசை முழுவதும் கழியின் நுனியில் ஒரே புள்ளியில் விழும். கழியின் நீளத்தைத் தாண்டி மீனுக்கு நரம்பு விட்டுக்கொடுக்கவும் முடியாது.

ரீல் பொருத்திய ராடு சென்னை மாகாணத்துக்கு ஆங்கிலேய அதிகாரிகளோடு வந்தது. அவர்களில் ஹென்றி சல்லிவன் தாமஸ் முக்கியமானவர். மெட்ராஸ் சிவில் சர்வீஸைச் சேர்ந்த அவருடைய ‘தி ராடு இன் இந்தியா’ 1873-இல் வெளிவந்தது. குளம் ஏரிகளில் மீன் பிடிப்பதற்கென்றே ‘டேங்க் ஆங்ளிங் இன் இந்தியா’ என்ற நூலை 1887-இல் எழுதினார். எனினும் காவிரியில் தூண்டில் போட்டுப் பெயர் வாங்கியதெல்லாம் மைசூர்ப் பக்கத்து மேல்காவிரிதான். அங்கே கிடைத்த பெருங்கெண்டையான மாசீர் உலகப் புகழ் பெற்றது. கல்லணைக்குக் கீழே ஆறு வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிந்து, வாய்க்கால்களாகவும் குளங்களாகவும் பரவிவிடுகிறது. இங்கே தூண்டில்காரர் நின்று வீசும் இடமும் மீனும் மேல்காவிரியிலிருந்து முற்றிலும் வேறு.

கைடு இடைவெளி ஒரு தனிச் சிக்கலாக உருவெடுத்தது சுழலாத ஸ்பூல் கொண்ட ரீல் வந்த பிறகுதான். பிராட்ஃபோர்டைச் சேர்ந்த ஜவுளித் தொழிலதிபர் ஆல்ஃபிரட் ஹோல்டன் இல்லிங்வொர்த் 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பழைய ரீலில் ஸ்பூல் சுழன்று நரம்பை நேராக வெளியே விடும். இல்லிங்வொர்த்தின் ரீலில் ஸ்பூல் அசையாமல் நிற்க, அதன் விளிம்பைத் தாண்டி நரம்பு சுருள் சுருளாகக் கழன்று விழும். இன்றைய ஸ்பின்னிங் ரீல் எல்லாமே இந்த வழியில்தான் இயங்குகிறது. வீசும்போது நரம்பு நேர்கோட்டில் போவதில்லை. ஸ்பூலின் அகலத்துக்கு விரிந்து, சுழன்றுகொண்டே வெளியேறுகிறது. அந்தச் சுழற்சியை ஒரு விரல்கட்டைத் தடிமன்கூட இல்லாத தண்டின் ஓரமாக அடக்கிக் கொண்டுபோய் நுனியில் சேர்க்க வேண்டும்.

இரண்டு வேலைகள்

ஸ்பின்னிங் ராடில் கைடுகள் செய்வது ஒரே வேலை என்று எண்ணித்தான் பலர் தடுமாறுகிறார்கள். அடிப்பகுதிக் கைடுகளின் வேலை வீச்சு சார்ந்தது. சுழன்று வரும் நரம்பைப் படிப்படியாக ஒடுக்கி நேராக்குவது அவற்றின் கடமை. மேல்பாதிக் கைடுகளின் வேலை பாரம் சார்ந்தது. மீன் மாட்டி ராடு வளையும்போது நரம்பைத் தண்டின் வளைவோடு ஒட்டிப் போகவைத்து, இழுப்பைத் தண்டு முழுவதும் பகிர்ந்துவிடுவது அவற்றின் கடமை. இரண்டு வேலைகளும் கைமாறும் இடத்தில் நிற்கும் கைடுக்கு ராடு கட்டுவோர் ‘சோக் கைடு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நரம்பு அங்கே வந்து சேர்வதற்குள் அதன் ஆட்டம் அடங்கியிருக்க வேண்டும். அதற்கு மேல் நுனிவரை நிற்பவை ஓட்டக் கைடுகள். அவை எல்லாம் ஒரே அளவில், சிறியதாக, எடை குறைந்ததாக இருக்கலாம்.

சோக் கைடின் இடத்தைக் கண்டுபிடிக்க இரண்டு வழிகள் வழக்கத்தில் உள்ளன. ஜப்பானின் ஃபியூஜி நிறுவனம் பரப்பிய ‘நியூ கைடு கான்செப்ட்’ முறையில், ரீலின் நடுத்தண்டு நோக்கும் திசையில் ஒரு நேர்கோட்டை நீட்டிப் பார்ப்பார்கள். பெரும்பாலான ரீல்களில் நடுத்தண்டு சற்றே ராடை நோக்கிச் சாய்ந்திருக்கும். ஆகவே நீட்டிய கோடு ஓரிடத்தில் தண்டைத் தொடும். தொடும் இடமே சோக் கைடின் இடம். இரண்டாவது வழி இன்னும் எளியது. ஸ்பூலின் விட்டத்தை 27-ஆல் பெருக்கி, ஸ்பூல் விளிம்பிலிருந்து அவ்வளவு தூரம் அளந்து குறித்தால் போதும். ஸ்பூல் பெரிதானால் தூரமும் அதே விகிதத்தில் கூடுவதால், நரம்பு ஒடுங்கி வரும் கூம்பின் சாய்வு எந்த ரீலுக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே அமையும். இந்தக் கணக்கு வேலை செய்வதற்குக் காரணம் அதுதான். இரண்டு வழிகளும் எப்போதும் ஒரே இடத்தைக் காட்டுவதில்லை. வேறுபட்டால் வீசிப் பார்த்துத்தான் தீர்க்க வேண்டும்.

சோக் கைடுக்கும் ரீலுக்கும் நடுவே மூன்று கைடுகள் நின்றால் பெரும்பாலும் போதுமானது. ரீலுக்குப் பக்கத்தில் நிற்பது பெரியதாகவும் உயரமாகவும் இருக்கும். அடுத்தடுத்தவை வேகமாகச் சிறுத்து வரும். கைடின் எண் வளையத்தின் வெளிவிட்டத்தை ஏறக்குறைய மி.மீ. கணக்கில் குறிக்கிறது, உள்விட்டம் அதைவிடக் குறைவு. ஃபியூஜியின் கே.ஆர். அமைப்பில் 20, 10, 5.5 என்று இறங்கும் வரிசை நன்கு அறியப்பட்டது. இதில் உயரத்தைக் கவனிக்காமல் விடக்கூடாது. கைடின் கால் குட்டையாக இருந்தால் ஸ்பூலிலிருந்து வரும் நரம்பு தண்டில் அறைந்து அறைந்து போகும். வீச்சுத் தூரம் அங்கேயே குறைந்துவிடும்.

ஒரு 7 அடி ராடு

7 அடி என்பது 213 செ.மீ. 2500 அளவு ரீலின் ஸ்பூல் விட்டம் 46 மி.மீ. என்று கொண்டால், அதன் 27 மடங்கு 124 செ.மீ. ரீலைப் பொருத்தியபின் ஸ்பூல் விளிம்பு அடியிலிருந்து 33 செ.மீ. தள்ளி நிற்பதாக வைத்துக்கொண்டால், சோக் கைடு அடியிலிருந்து 157 செ.மீ. தூரத்தில், அதாவது நுனியிலிருந்து 56 செ.மீ. கீழே அமைகிறது. நுனியிலிருந்து சோக் கைடு வரை இடைவெளிகள் 10, 11, 11, 12, 12 செ.மீ. ஆக இறங்கிவந்தால் ஐந்து கைடுகள் ஆகும், ஐந்தாவதுதான் சோக். அதற்குக் கீழே 16, 20, 28 என்று இடைவெளி வேகமாக விரிகிறது. கடைசியாக நிற்கும் பெரிய கைடு நுனியிலிருந்து 120 செ.மீ. தூரத்தில் இருக்கும், ஸ்பூலுக்கும் அதற்கும் இடையே 60 செ.மீ. வெறுமையாக விடப்படும். ஆக 8 கைடுகள், அவற்றோடு நுனி வளையம் ஒன்று. அடிக்கு ஒரு கைடு, கூடுதலாக ஒன்று என்ற பழைய கைக்கணக்கும் இதே எண்ணிக்கைக்குத்தான் வருகிறது.

இந்த எண்கள் ஒரு தொடக்கம் மட்டுமே. ஒரே நீளமுள்ள இரண்டு தண்டுகள் ஒன்றுபோல் வளைவதில்லை. நுனி மூன்றில் ஒரு பங்கு மட்டும் வளையும் தண்டுக்கு நுனியில் கைடுகள் நெருங்கியிருக்க வேண்டும்; நடுவயிறு வரை வளையும் தண்டுக்கு நெருக்கத்தைக் கொஞ்சம் கீழேயும் பகிர வேண்டும். அட்டவணையை அப்படியே எடுத்துக் கட்டிய ராடு ஓரளவு வேலை செய்யும். கையால் கட்டுவதன் பயன் முழுவதும் அந்தக் கடைசிச் சில செ.மீ. நகர்த்தலில்தான் இருக்கிறது.

வளைத்துப் பார்த்தல், வீசிப் பார்த்தல்

முதலில் கைடுகளைத் தண்டில் தற்காலிகமாக நிறுத்துவார்கள். சைக்கிள் வால்வு டியூபைச் சிறு சிறு வளையமாக நறுக்கித் தண்டில் கோத்தால், கைடின் காலை அது இறுகப் பிடித்துக்கொள்ளும், நகர்த்தவும் எளிது. தஞ்சாவூர் வீணையில் மெழுகின்மேல் 24 மெட்டுகளையும் நிறுத்தும் ஆசாரி, ஒவ்வொன்றையும் தட்டிக் கேட்டு மயிரிழை மயிரிழையாக நகர்த்துவதைப் போன்றதுதான் இந்த வேலையும். அங்கே காது சொல்கிறது. இங்கே தண்டின் வளைவு சொல்கிறது.

அடிப்பிடியை அசையாமல் கட்டிவைத்து, நரம்பை எல்லாக் கைடு வழியாகவும் கோத்து, முனையைக் கனமான ஏதாவதொன்றில் கட்டி மெல்ல இழுக்க வேண்டும். தண்டு வில்லாக வளையும். இரண்டு கைடுகளுக்கு நடுவே நரம்பு நேர்கோடாக, வில்லின் நாண்போல நிற்கும். நாணுக்கும் தண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி எங்கே திடீரென்று அகன்று தெரிகிறதோ அங்கே கைடு போதவில்லை என்று பொருள். நரம்பு எந்தக் கைடில் கூர்மையாக மடங்குகிறதோ, அந்தக் கைடு தன் பங்குக்கு மேல் பாரம் சுமக்கிறது. பக்கத்திலுள்ளதைக் கொஞ்சம் அதன்பக்கம் நகர்த்தி மறுபடி இழுத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கைடிலும் மடக்கம் சீராக, நுனியிலிருந்து அடிக்குப் போகப்போக மெல்லக் குறைந்து வந்தால் சரி. அடிப்பிடிக்கும் நரம்புக்கும் நடுவே உள்ள கோணம் செங்கோணத்தைவிடக் குறுகும்வரை இழுக்கக்கூடாது. கார்பன் தண்டின் நுனி முறிவதற்கு அது நேர்வழி.

கைடைக் கூட்டிக்கொண்டே போனால் நரம்பு தண்டோடு இன்னும் ஒட்டிப் போகும் என்பது உண்மைதான். அதற்கு விலையும் உண்டு. நுனிப்பக்கம் கூடும் ஒவ்வொரு கைடும், அதைக் கட்டும் நூலும் பூச்சும், தண்டை மந்தமாக்குகின்றன. வீசியபின் நுனி ஆடி அடங்க நேரமாகிறது. வளையங்களில் உராய்வும் கூடுகிறது. பாரம் சீராகப் பகிரப்படும் அளவுக்குக் குறைந்த கைடுகள் எத்தனையோ, அத்தனை போதும்.

அதன்பின் வீசிப் பார்ப்பது. மீனுக்கு வீசும் அதே எடையை, அதே நரம்பில், திறந்த மைதானத்தில் வீச வேண்டும். அறுவடை முடிந்த வயல் இதற்கு நல்ல இடம். இன்றைய கைபேசிகளில் மெதுவோட்டக் காணொளி எடுக்க முடிவதால், நரம்பு பெரிய கைடில் நுழையும் விதத்தைத் தெளிவாகப் பார்க்கலாம். பெரிய கைடுக்கு முன்னால் நரம்பு குவிந்து தயங்கினால் அந்தக் கைடு ரீலுக்கு மிக அருகில் இருக்கிறது, அல்லது சிறிதாக இருக்கிறது. அதைத் தாண்டியபின்னும் நரம்பு அலைபாய்ந்தால் அது மிகத் தொலைவில் இருக்கிறது. முதலில் அதை மட்டும் 2 செ.மீ. முன்பின் நகர்த்திப் பார்த்தாலே வேறுபாடு தெரியும்.

விராலுக்கு

விரால் காற்றைச் சுவாசிக்கும் மீன். மேலே வந்து மூச்சு விட்டுப் போகும் இடத்தைப் பார்த்து, தாமரை இலைக்கும் ஆகாயத்தாமரைக்கும் நடுவே உள்ள சந்தில் ரப்பர் தவளையைப் போடுவதே விரால் தூண்டிலின் உயிர்நிலை. வீச்சு தூரமாகப் போக வேண்டியதில்லை. சரியான இடத்தில் விழ வேண்டும். மீன் கவ்வியதும் பலமாக ஒரு வெட்டு வெட்டி, செடிக்குள் புகுந்து சுற்றிக்கொள்வதற்குள் இழுத்து வெளியே கொண்டுவர வேண்டும். நரம்பை விட்டு விளையாட அங்கே இடமில்லை.

ஆகவே விரால் ராடில் பாரம் தாங்கும் பாதிக்கு முதலிடம் தரலாம். நுனி முதல் நடுப்பகுதி வரை இடைவெளிகளைச் சற்று நெருக்கி ஒரு கைடு கூட்டுவதில் தவறில்லை. ரீலுக்கு அருகிலுள்ள கைடுகள் இரட்டைக் கால் உடையவையாக இருப்பது நல்லது. ஒற்றைக் கால் கைடு எடை குறைந்தது என்றாலும் செடியில் சிக்கி இழுபடும்போது நெளியக்கூடும். விராலுக்குப் போடுவது பெரும்பாலும் தடித்த பின்னல் நரம்பு. அது ஈரத்தோடு பாசியையும் இழுத்துவந்து கைடில் சேர்க்கும். 4.5 அளவு ஓட்டக் கைடு ஏட்டில் அழகாக இருக்கிறது. பாசி மண்டிய குளத்தில் அது அடைத்துக்கொள்ளும். இங்கே 6-க்குக் குறையாமல் வைப்பதே அறிவு.

பின்னல் நரம்பு தளர்ந்து விழும்போது கைடின் காலில் சுற்றிக்கொள்வது இன்னொரு தொல்லை. முன்பக்கம் சாய்ந்த சட்டமுள்ள கே வகைக் கைடுகள், விழுந்த கண்ணியைத் தாமே வழுக்கித் தள்ளிவிடும்படி அமைந்தவை. இந்த வகை வாங்கச் செலவிடும் பணம் வீணாகாது.

ஒரு வார்த்தை இங்கே சொல்ல வேண்டும். செந்நிறக் குஞ்சுக் கூட்டத்துக்குக் கீழே காவல் நிற்கும் தாய் தந்தை விரால் எதையும் பாய்ந்து கவ்வும். அதைப் பிடிப்பது எளிது. பிடித்தால் அந்தக் குஞ்சுகள் முழுவதும் மற்ற மீன்களுக்கு இரையாகும். எவ்வளவு நேர்த்தியாகக் கட்டிய ராடானாலும் அந்த இடத்தில் வீசாமல் இருப்பதுதான் முறை.

கொடுவாவுக்கு

முத்துப்பேட்டை, வேதாரண்யம் பக்கத்து உப்பங்கழிகளிலும் ஆற்று முகங்களிலும் கொடுவா ஓதத்தோடு ஏறி இறங்கும். முத்துப்பேட்டை அலையாத்திக் காடு வனத்துறையின் பொறுப்பில் உள்ள காப்புக்காடு. அனுமதி இல்லாமல் உள்ளே தூண்டில் போட முடியாது. வெளியே உள்ள கழிமுகங்களில் காற்றுக்கு எதிராகத் தூரம் வீச வேண்டியிருக்கும். எனவே இங்கே வீச்சுப் பாதிக்கு முதலிடம். 8 அடி ராடில் (244 செ.மீ.) 52 மி.மீ. ஸ்பூல் கொண்ட 4000 ரீல் போட்டு, ஸ்பூல் விளிம்பு அடியிலிருந்து 42 செ.மீ. தள்ளி நின்றால், சோக் கைடு நுனியிலிருந்து 62 செ.மீ. அளவில் வரும். பெரிய கைடு 25 அல்லது 30 அளவில் இருக்கலாம்.

கொடுவாவின் செவுள் மூடி கத்திபோல நரம்பை அறுக்கும். அதனால் பின்னல் நரம்பின் முனையில் தடித்த தனிநரம்பு ஒரு பாகத்துக்கு (இரு கை விரித்த நீளத்துக்கு) மேல் முடிச்சிட்டுச் சேர்ப்பார்கள். வீசும்போது அந்த முடிச்சு கைடுகளுக்குள் இருந்து கிளம்பிப் போகும். ஓட்டக் கைடு சிறியதானால் ஒவ்வொரு வீச்சிலும் முடிச்சு இடித்துக்கொண்டே போய் ஒருநாள் அறுந்துவிடும். ராடு கட்டத் தொடங்கும் முன்பே முடிச்சைப் போட்டு, வாங்கப்போகும் கைடின் வழியாக இழுத்துப் பார்த்துவிட வேண்டும். உப்புத் தண்ணீருக்குத் துருப்பிடிக்காத எஃகிலும் உயர்ந்த ரகமோ டைட்டானியமோதான் தாங்கும். எந்தச் சட்டமானாலும் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும்.

கட்டும் காலம்

இடங்கள் முடிவானபின் தண்டில் குறியிட்டு, கைடின் கால்களை நுனியில் அரத்தால் சரிவாக்கி, நைலான் நூலால் நெருங்கச் சுற்றி, அதன்மேல் இரு கலவை எபாக்ஸி பூசுவார்கள். பூச்சு வழிந்து ஒருபக்கம் தேங்காமல் இருக்க, இறுகும்வரை ராடைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். டெல்டாவில் இதற்குக் காலம் பார்க்க வேண்டியிருக்கிறது. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் காற்றின் ஈரம் எபாக்ஸியின்மேல் பால்போன்ற மங்கல் படலத்தை உண்டாக்கும். சித்திரை வெயிலில் கலந்த கலவை பூசி முடிப்பதற்குள் இறுகிவிடும். தை, மாசி மாதங்கள் இரண்டு தொல்லையும் குறைந்தவை. மேட்டூர் அணை மரபுப்படி ஜனவரி 28-இல் மூடியபின் வாய்க்கால்கள் வற்றி, மீன்கள் குளங்களிலும் ஆற்று மடுக்களிலும் ஒதுங்கும் காலமும் அதுவே. மாசியில் கட்டி முடித்த ராடு பங்குனியில் குளக்கரைக்குப் போகலாம்.

பேருந்திலும் இரு சக்கர வண்டியிலும் கொண்டுபோக இரண்டு துண்டு ராடே வசதி. அதில் இணைப்பு வரும் இடத்தில் கைடு விழுமானால் இடைவெளியை 1, 2 செ.மீ. விட்டுக்கொடுத்து இணைப்புக்குப் பக்கத்தில் நகர்த்த வேண்டும். அப்படி நகர்த்தியதன் விளைவை அடுத்தடுத்த கைடுகளில் சிறிது சிறிதாகப் பகிர்ந்துவிட்டால் வளைவில் வேறுபாடு தெரியாது.

நுனி முறிந்த ராடு

பலருக்குக் கைடு இடைவெளியைப் பற்றி நினைக்க நேர்வதே ராடின் நுனி முறிந்தபிறகுதான். கதவிடுக்கிலோ வண்டியிலோ நுனி 8, 10 செ.மீ. ஒடிந்துபோனால், மீதித் தண்டின் முனையில் புதிய நுனி வளையத்தைச் சூட்டில் இளகும் பசையால் ஒட்டிவிடுவது வழக்கம். ராடு பயன்பாட்டுக்கு வந்துவிடும். ஆனால் முதல் கைடு இப்போது நுனி வளையத்தோடு ஒட்டி நிற்கும். அடுத்த இடைவெளி அதற்குப் பொருந்தாமல் பெரிதாகத் தோன்றும். தண்டின் மிக மெல்லிய பகுதி போய்விட்டதால் வளைவும் கீழே இறங்கிவிட்டது. முதல் கைடின் நூலைக் கூர்க்கத்தியால் பூச்சின்மேல் மட்டும் கீறிப் பிரித்து எடுத்துவிட்டு, மேலே உள்ள மூன்று நான்கு கைடுகளை மட்டும் வளைத்துப் பார்த்து மறுபடி கட்டினால் போதும். சோக் கைடு ரீலிலிருந்து அளக்கப்படுவதால் அதையும் அதற்குக் கீழுள்ளவற்றையும் தொட வேண்டியதில்லை. பசையால் ஒட்டிய நுனி வளையம் வெயிலில் நிறுத்திய காருக்குள் இளகித் திரும்பிவிடக்கூடும். வீசத் தொடங்கும் முன் அடியிலிருந்து கண்ணோட்டமிட்டு எல்லா வளையங்களும் ஒரே வரிசையில் நிற்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.